போரில் போன குதிரைக்குப் பணம் வந்ததா? கொங்குக் குதிரைவீரர் குடும்பங்கள் பழைய இழப்பீட்டுக் கணக்கைத் தேட ஒரு முழுமையான வழிகாட்டி

தாராபுரத்தில் எனக்கு ஒரு நண்பர் இருக்கிறார். ராவுத்தர் வீட்டுக்காரர். எங்கள் பக்கத்து வழக்கப்படி நான் அவரை மாமா என்று கூப்பிடுவேன், அவர் என்னை மாப்பிள்ளை என்பார். அவர் வீட்டுப் பரணை ஒழித்தபோது குதிரை ஏறுபவர் கால் வைக்கும் ஒற்றை இரும்பு அங்கவடியும், நான்காக மடித்த தாள் ஒன்றும் கிடைத்தன. தாளில் பாதியைக் கரையான் தின்றுவிட்டது. மிச்சத்தில் படிக்க முடிந்தவை 1215 என்ற ஆண்டும், குதிரை, சேணம், வராகன் என்ற மூன்று சொற்களும்தான்.

“எங்கள் அத்தாவின் பாட்டனாருக்குப் பாட்டனார் திப்பு படையில் குதிரைச் சேவகர். சண்டையில் குதிரை போய்விட்டதாம். சர்க்கார் அதற்குப் பணம் கொடுத்ததா, ஏமாற்றிவிட்டதா என்று கண்டுபிடிக்க முடியுமா மாப்பிள்ளை?” என்று கேட்டார்.

இந்தக் கேள்வி அவர் ஒருவருடையது அல்ல. காங்கயம், கரூர், சத்தியமங்கலம், நாமக்கல் என்று கொங்கில் எத்தனையோ வீடுகளில் ஒரு வாளோ, சேணத்தின் துண்டோ, அதனுடன் ஒரு கதையோ இருக்கிறது. அந்தக் கதையைக் கணக்காக மாற்றுவது எப்படி என்று படிப்படியாக இங்கே எழுதுகிறேன். பழங்காலக் குதிரைவீரருக்குக் குதிரை வெறும் வாகனம் அல்ல. அவர் போட்ட முதல். உழவருக்கு ஒரு ஜோடி காளை எப்படியோ அப்படி. அரசனின் சண்டையில் அது செத்தால் அந்த இழப்பு யாருடையது என்பதில்தான் அந்தக் குடும்பத்தின் வாழ்வும் தாழ்வும் இருந்தது. அதனால் இதை வெறும் பழங்கதை ஆராய்ச்சியாக நான் பார்க்கவில்லை.

முதல் படி: குதிரை யாருடையது?

எல்லோரும் முதலில் “எந்தச் சண்டை?” என்று தேடுவார்கள். அது தவறான தொடக்கம். குதிரை யாருடைய சொத்து என்பது தெரியாமல் வேறு எதுவும் விளங்காது.

இந்தியக் குதிரைப்படைகளில் பெரும்பாலும் இரண்டு முறைகள் இருந்தன. ஒன்றில் குதிரையும் ஆயுதமும் சர்க்காருடையவை. வீரர் ஏறி ஓட்டுபவர் மட்டுமே. மராட்டியப் படையில் இப்படிப்பட்டவரைப் பார்கீர் என்றார்கள். மற்றொன்றில் குதிரை, சேணம், வாள், ஈட்டி அத்தனையும் வீரரே கொண்டுவர வேண்டும். அவர்தான் சில்லேதார். சம்பளம் கூடுதலாக இருக்கும்; ஆனால் குதிரைக்குக் கொள்ளும் புல்லும் போடுவது, லாடம் அடிப்பது, கிழிந்த சேணத்தைத் தைப்பது எல்லாம் அந்தச் சம்பளத்துக்குள்தான். ஹைதர், திப்பு காலத்து மைசூர்ப் படையில் இரு வகையினரும் இருந்தார்கள்.

கிழக்கிந்தியக் கம்பெனியின் வங்காளப் படையில் சில்லேதார் குதிரைவீரருக்கு 1857-க்கு முன்பு மாதச் சம்பளம் 20 ரூபாய். ஒரு கணக்குக்காக, குதிரையின் விலை 200 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து மாதச் சம்பளம் முழுவதும் நான்கு கால்களில் நிற்கிறது. அது ஒரு குண்டில் விழுந்தால்? அந்த வீரர்கள் வட்டிக்காரரிடம் சிக்கித் தவித்தது ஊரறிந்த செய்தி. சில்லேதார்கள் குதிரையைக் காப்பாற்றுவதற்காக மோதலில் தயங்குகிறார்கள் என்று அக்காலத் தளபதிகள் குறை சொன்னார்கள். எனக்கு அது கோழைத்தனமாகத் தெரியவில்லை. குதிரை செத்தால் மறுநாள் வேலையில்லை என்று தெரிந்தவர் வேறு என்ன செய்வார்? இழப்பீட்டை உறுதியாகக் கொடுத்த படையின் வீரர் முன்னே போனார், கொடுக்காத படையின் வீரர் கடிவாளத்தை இழுத்துப் பிடித்தார்.

சில்லேதார் படைகளில் ஒரு வீரருக்கான இடத்துக்கு ‘அசாமி’ என்று பெயர். அதற்கு விலை உண்டு. விலகும்போது பணம் திரும்பக் கிடைக்கும். குதிரை இறந்தால் மாற்றுக் குதிரை வாங்க, வீரர்கள் மாதாமாதம் பணம் போட்டு ஒரு நிதி வைத்திருந்தார்கள். அதன் பெயர் சந்தா. நாம் பத்திரிகைக்குக் கட்டுகிறோமே, அதே சொல்தான். நம் ஊர்ச் சீட்டைப் போன்ற ஏற்பாடு என்று சொன்னால் உடனே புரியும். ஆகவே, ஆவணத்தில் சந்தா என்று கண்டால் அது அரசு கொடுத்த இழப்பீடு அல்ல, வீரர்களே தங்களுக்குள் பகிர்ந்துகொண்ட நட்டம். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

இனி நமக்கு மிகவும் வேண்டிய செய்தி. 1914-இல் இந்தியப் படையில் 39 குதிரைப்படை ரெஜிமெண்டுகள் இருந்தன. அவற்றில் 36 சில்லேதார் முறை. விலக்கு மூன்று மட்டுமே: 26, 27, 28-ஆம் இலகு குதிரைப்படைகள். மூன்றும் மதராஸ் படையின் வழி வந்தவை. உங்கள் முன்னோர் இந்த மூன்றில் ஒன்றில் இருந்தவர் என்றால், குதிரை அவருடையது அல்ல. குதிரைக்கான இழப்பீட்டைத் தேடி அலைய வேண்டாம். அவருடைய சொந்த உடைமைகளுக்கு மட்டுமே அவர் கேட்டிருக்க முடியும். இந்த ஒரு செய்தி தெரியாமல் ஒரு குடும்பம் ஆண்டுக்கணக்கில் தேடியதை நான் அருகில் இருந்து பார்த்திருக்கிறேன்.

இரண்டாம் படி: ஆண்டை நம்பாதீர்கள்

மாமாவின் தாளில் இருந்த 1215-ஐப் பாருங்கள். அதை மூன்று விதமாகப் படிக்கலாம்.

ஹிஜ்ரி 1215 என்றால் கி.பி. 1800-01. வருவாய்க் கணக்குக்கு வைத்திருந்த பசலி ஆண்டில் 1215 என்றால் 590-ஐக் கூட்ட வேண்டும், 1805-06 வரும். திப்பு சுல்தான் தாமே ஏற்படுத்திய மௌலூதி ஆண்டில் 1215 என்றால் 1787-88. போதாததற்கு, திப்புவின் நாணயங்களில் இந்த ஆண்டின் இலக்கங்களை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும்.

பதினெட்டு ஆண்டு வித்தியாசம். அந்தப் பதினெட்டு ஆண்டுக்குள் கொங்கின் தலையெழுத்தே மாறிவிட்டது. 1787-இல் தாராபுரம் மைசூர் ஆட்சியில் இருந்தது. 1805-இல் கம்பெனி ஆட்சி. எந்தச் சர்க்காரிடம் பணம் கேட்டார்கள் என்பதே இந்த எண்ணைப் பொறுத்தது. தாள் எந்த மொழியில், எந்த எழுத்தில் இருக்கிறது, கிஸ்தி, தாசில்தார், கச்சேரி போன்ற வருவாய்ச் சொற்கள் உண்டா என்று பாருங்கள். தமிழில் எழுதிய வருவாய்த் தாள் என்றால் பசலிதான் என்று எடுத்துக்கொண்டு தொடங்கலாம். தமிழ் வருடப் பெயரும் மாதமும் சேர்ந்திருந்தால் உங்களுக்கு நல்ல காலம். பஞ்சாங்கத்தோடு ஒப்பிட்டு முடித்துவிடலாம்.

மூன்றாம் படி: ஊர் யார் கையில் இருந்தது, எந்தக் களம்?

கொங்கு ஒரே நாளில் கைமாறவில்லை. 1792-ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் சேலம், நாமக்கல் பக்கம் கம்பெனிக்குப் போனது. கோயம்புத்தூர்ப் பக்கம் 1799 மே 4-இல் திப்பு வீழ்ந்த பிறகுதான் போனது. இடைப்பட்ட ஏழு ஆண்டுகள் காவிரியின் இரு கரைகளிலும் இரண்டு சர்க்கார்கள். அக்கரை அண்ணனும் இக்கரைத் தம்பியும் வெவ்வேறு படைகளில் இருந்திருக்கலாம்.

களங்களில் முதலில் பார்க்க வேண்டியது 1790. அந்த ஆண்டு ஜூலையில் கம்பெனித் தளபதி ஜெனரல் மெடோஸின் படை கோயம்புத்தூரைப் பிடித்தது. செப்டம்பரில் திப்பு கஜல்ஹட்டிக் கணவாய் வழியே இறங்கி வந்தார். செப்டம்பர் 13-ஆம் தேதி சத்தியமங்கலத்தில், பவானி ஆற்றங்கரையில், கர்னல் ஃபிளாய்டின் குதிரைப்படையோடு நடந்த மோதல்தான் கொங்கு மண்ணில் நடந்த பெரிய குதிரைப்படைச் சண்டைகளில் ஒன்று. மறுநாள் ஃபிளாய்டின் படை பின்வாங்கியது. பின்வாங்கும் படை சாமான்களைச் சுமந்துகொண்டு போவதில்லை. தனிப்பட்ட உடைமை இழப்பு என்று தேடுபவர்கள் வெற்றி நாள்களைவிட இப்படிப்பட்ட நாள்களைத்தான் பார்க்க வேண்டும். 1791 நவம்பரில் கோயம்புத்தூர்க் கோட்டை மீண்டும் மைசூர்ப் படையிடம் வீழ்ந்த நாளும் அப்படிப்பட்டதே.

1799-க்குப் பிறகும் வேலை இருந்தது. 1807-ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி மைசூர் அரசு 4,000 குதிரைவீரர்களை வைத்திருக்க வேண்டியிருந்தது. இந்த மைசூர் சில்லேதார்கள் 1817 டிசம்பர் 21-இல் மாளவத்தில் மகித்பூர்ப் போரில் கம்பெனிப் பக்கம் நின்று சண்டையிட்டார்கள். மைசூர் எல்லையை ஒட்டிய ஊர்க்காரர்கள் இந்தப் பக்கத்தையும் விட்டுவிடக் கூடாது.

ஒரு கசப்பான உண்மையையும் சொல்லியாக வேண்டும். தீரன் சின்னமலையின் பக்கம் நின்று குதிரை ஏறியவர்களின் வீட்டில் பிறந்தவராக நீங்கள் இருந்தால், உங்களுக்கு இழப்பீட்டுக் கோப்பு கிடைக்காது. 1805 ஜூலை 31-இல் சங்ககிரிக் கோட்டையில் அவரைத் தூக்கிலிட்ட பிறகு, அவருக்காகக் குதிரையை இழந்தவர் யாரிடம் போய் மனு கொடுப்பார்? அவர்கள் இழந்ததெல்லாம் வீட்டு வாய்வழிக் கதையில் மட்டுமே இருக்கிறது. அந்தக் கதையை முதலில் எழுதி வையுங்கள். சொல்லும் தலைமுறை போய்க்கொண்டிருக்கிறது.

நான்காம் படி: சாமான் பட்டியல் போடுங்கள்

குதிரைவீரரின் உடைமை என்றால் நமக்கு வாளும் குதிரையும்தான் நினைவுக்கு வரும். ஆனால் பழைய கணக்குகளில் காசு கரைந்த இடம் வேறு. சேணம், அதன் கீழ் விரிக்கும் கம்பளித் துணி, வயிற்றுவார், கடிவாளம், அங்கவடி இரண்டு, முன்கால் தளைக்கயிறு, பின்கால் கயிறு, முளை, கொள்ளுப் பை, தண்ணீர்த் தோல்பை, சீப்பு, லாடம். வீரருக்கென்று கம்பளி, சமையல் பாத்திரம், மாற்றுடை. சில்லேதார் படைகளில் இரண்டு வீரருக்கு ஒரு புல்லுக்காரர், சாமான் சுமக்க ஒரு மட்டக்குதிரை. அந்த மட்டக்குதிரையும் வீரர்களின் காசில் வாங்கியதுதான். போர்க்குதிரை பிழைத்து, சாமான் சுமந்த மட்டக்குதிரை எதிரி கையில் போனால் இரண்டு பேர் குடும்பத்தின் தட்டுமுட்டு மொத்தமும் போய்விடும்.

கையில் பொருள் இருந்தால் அதை அறிந்தவரிடம் காட்டுங்கள். நானும் மாமாவும் அந்த அங்கவடியை எடுத்துக்கொண்டு ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் திருவிழாவுக்குப் போனோம். திப்பு தன் படைக்குக் குதிரை வாங்கிய சந்தை என்று ஊரார் சொல்வார்கள். இன்றும் கத்தியவார், மார்வாரி இனக் குதிரைகள் அங்கே விலைக்கு நிற்கின்றன. சேணம் விற்கும் பெரியவர் ஒருவர் அங்கவடியை வாங்கி, வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மேலே வார் கோக்கும் துளையின் ஒரு ஓரத்தில் இரும்பு பள்ளமாகத் தேய்ந்திருந்ததை விரலால் தடவிக் காட்டினார். “இது சுவரில் மாட்ட வாங்கியது அல்ல. பல வருடம் ஒருவர் ஏறி இறங்கியிருக்கிறார். இடது பக்கத்து அங்கவடியாக இருக்கும். ஏறும்போது உடம்பின் கனம் முழுவதும் அதில்தானே விழும்?” என்றார். மாமா அதன் பிறகு சந்தையை விட்டு வெளியே வரும்வரை பேசவே இல்லை.

ஐந்தாம் படி: எப்படித் தொலைந்தது?

பணம் கிடைப்பதும் கிடைக்காததும் இந்தக் கேள்வியில்தான் இருந்தது. சண்டையில் செத்ததா, காயம்பட்டுப் பிறகு செத்ததா, தீவனம் இல்லாமல் செத்ததா, நோயிலா, எதிரி பிடித்துக்கொண்டு போனானா, வீரரின் கவனக்குறைவா? ஒவ்வொன்றுக்கும் விடை வேறு.

இதன் தர்க்கத்தைத் தெளிவாகக் காட்டும் சட்டம் அமெரிக்காவில் 1849-இல் வந்தது. சொந்தக் குதிரையோடு சேவை செய்தவர், தம் தவறு ஏதுமின்றி அதைப் போரில் இழந்தாலோ, அரசு போதிய தீவனம் கொடுக்காததால் அது இறந்தாலோ, குதிரையோடு சேணமும் போனாலோ, 200 டாலருக்கு மிகாமல் மதிப்புப் பெறலாம் என்றது அது. தீவனம் கொடுக்காதது அரசின் குற்றம் என்று ஒப்புக்கொண்ட அந்த ஒரு வரியை நான் மிகவும் மதிக்கிறேன். அதே நாட்டின் உள்நாட்டுப் போரில் தெற்கத்திய அணியின் ஏற்பாடு நேர்மாறானது. குதிரைக்கு நாளொன்றுக்கு 40 சென்ட் வாடகை. சேரும்போது மதிப்புப் போட்டு எழுதிக்கொள்வார்கள். சண்டையில் செத்தால் அந்த மதிப்பு கிடைக்கும். பிடிபட்டாலோ, களைத்து விழுந்தாலோ, நோயில் போனாலோ ஒன்றும் கிடையாது. புதுக் குதிரை கொண்டுவர முடியாதவர் காலாட்படைக்குப் போக வேண்டியதுதான்.

நம் நாட்டிலும் சாட்சியம் கேட்டார்கள். முகலாயப் படையில் குதிரைக்குச் சூடு போட்டு அடையாளம் பதிந்தார்கள். அதன் பெயர் தாக். குதிரை இறந்தால் அதற்கென்று சான்றுத்தாள் உண்டு. பிரிட்டிஷ் குதிரைப்படையில் குளம்பில் எண்ணைச் சூடுபோட்டிருப்பார்கள்; குதிரை செத்தால் லாடம் அடிப்பவர் கோடாரியால் அந்தக் குளம்பை வெட்டி எடுத்துவந்து கணக்குக் காட்டுவார். பல நாள் தன்னைச் சுமந்த உயிரின் காலை வெட்டும்போது பக்கத்தில் நின்ற வீரரை நினைத்துப் பாருங்கள். ஆனால் அந்தச் சான்று இல்லையென்றால் கணக்கு மூடாது.

ஆகவே உங்கள் தேடலில், இழப்புக்குப் பிந்திய மனுவைவிட, சேரும்போது போட்ட மதிப்புப் பட்டியல் கிடைத்தால் அதுதான் பெரிய புதையல். முன்கூட்டியே எழுதிய விலை இல்லாத குதிரைக்குப் பிறகு யாரும் நல்ல விலை கொடுத்ததில்லை.

ஆறாம் படி: பணத்தை மாற்றிப் பாருங்கள்

1818 வரை மதராஸ் கணக்குகள் நட்சத்திர வராகனில் ஓடின. ஒரு வராகனுக்கு 42 பணம், ஒரு பணத்துக்கு 80 காசு. 1818-இல் ரூபாய்க்கு மாறியபோது 100 வராகனுக்கு 350 ரூபாய் என்று வைத்தார்கள். தாளில் 40 வராகன் என்று இருந்தால் 140 ரூபாய். ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 ‘பை’ காசு. மைசூர்ப் பகுதித் தாளில் கண்டீராய வராகன், கண்டீராயப் பணம் என்று வந்தால் இந்த விகிதத்தைப் பயன்படுத்தக் கூடாது. அது வேறு நாணயம், மதிப்பு குறைவு.

இன்றைய ரூபாயில் எவ்வளவு என்று எல்லோரும் கேட்பார்கள். அந்தக் கணக்கு வேண்டாம். எத்தனை மாதச் சம்பளம் என்று பாருங்கள். அதுதான் அந்த வீட்டின் வலியைச் சொல்லும்.

ஏழாம் படி: எங்கே தேடுவது?

சென்னை எழும்பூரில் இருக்கும் தமிழ்நாடு ஆவணக் காப்பகம்தான் முதல் இடம். அங்கே மதராஸ் அரசின் இராணுவத் துறைப் பதிவுகளும், கோயம்புத்தூர், சேலம் மாவட்டப் பதிவுகளும் இருக்கின்றன. முன்னோரின் பெயரோடு போய் நிற்காதீர்கள். பழைய படைப் பதிவுகளில் இந்திய வீரரின் பெயர் தனியாக வருவது அரிது. லண்டனில் இருக்கும் பிரிட்டிஷ் நூலகத்தின் மஸ்டர் என்ற படை ஆள் பட்டியல்களிலும் பெரும்பாலும் ஐரோப்பியர் பெயர்களே. ரெஜிமெண்ட், களம், மாதம் என்று தேடுங்கள். “இத்தனை குதிரைகள், இத்தனை சேணம்” என்ற தொகை வரி கிடைத்தால், அதில் உங்கள் முன்னோரும் ஒருவராக இருக்கலாம்.

பணத்துக்குப் பதில் நிலம் வந்ததா என்பதையும் பாருங்கள். போரில் செத்தவன் குடும்பத்துக்கு நிலம் கொடுப்பது தமிழகத்தில் பழைய வழக்கம். கல்வெட்டுகளில் உதிரப்பட்டி என்று வருவது அதுதான். பிற்காலத்தில் வீட்டில் இனாம் நிலம் இருந்திருந்தால், 1858 முதல் வேலை செய்த இனாம் கமிஷன் அதை விசாரித்துப் பதிந்திருக்கும். யார் கொடுத்தது, எதற்காகக் கொடுத்தது என்ற விவரத்தை அந்தப் பதிவேட்டில் தேடலாம். ஊர்ப் பெயரும் பழைய சர்வே எண்ணும் கொண்டு போங்கள்.

மைசூர்ப் படை என்றால் பெங்களூரில் உள்ள கர்நாடக மாநில ஆவணக் காப்பகம். முதல் உலகப் போருக்குப் பிறகு சில்லேதார் முறையைக் கைவிட்டுவிட்டார்கள். மதராஸின் 26, 27, 28 மூன்றும் 1922-க்குள் முறையே 8, 16, 7 என்று எண் மாறின. இவற்றிலோ பிற்காலக் கவச ரெஜிமெண்டுகளிலோ இருந்தவர் என்றால், மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் வழி கேட்டு, அகில்யாநகரில் (முன்பு அகமத்நகர்) உள்ள கவசப் படைப் பதிவு அலுவலகத்துக்கு எழுதலாம். படை எண்ணும் ஓய்வூதியப் புத்தகமும் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

எட்டாம் படி: எழுதி வையுங்கள்

ஒரு முழுத்தாளில் குதிரை யாருடையது, ஆண்டு, களம், சாமான், இழந்த விதம், மதிப்பு, வந்த பணம் என்று கட்டம் போடுங்கள். ஆவணத்தில் கண்டதை மையிலும், வீட்டார் சொன்னதைப் பென்சிலிலும் எழுதுங்கள். இரண்டும் கலந்துவிட்டால் அடுத்த தலைமுறையால் பிரிக்க முடியாது.

மாமாவின் தாளில் மையில் எழுதியவை குறைவு. தமிழ்க் கையெழுத்து, கச்சேரிச் சொல் ஒன்றின் மிச்சம் ஆகியவற்றை வைத்து பசலி 1215 என்று முடிவு செய்தோம். அப்படியானால் அது திப்பு இறந்து ஆறு ஆண்டு கழித்து எழுதியது. இழப்பீட்டுத் தாளாக இருக்கலாம். பிழைத்து வந்த குதிரையைச் சேணத்தோடு விற்ற ரசீதாகவும் இருக்கலாம். இதை அவரிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சொன்னேன். சற்று நேரம் தாளைப் பார்த்துவிட்டு, “அப்படியென்றால் குதிரை உயிரோடு திரும்பியிருக்கும், இல்லையா?” என்று கேட்டார். ‘வந்த பணம்’ என்ற கடைசிக் கட்டத்தில் அதைத் தம் கையாலேயே பென்சிலில் எழுதினார்.

அங்கவடிக்குப் பேரன் வெள்ளி வண்ணம் பூசப் பார்த்தான். நல்ல வேளையாகத் தடுத்தோம். உங்கள் வீட்டுப் பொருளையும் தேய்க்காதீர்கள், வண்ணம் பூசாதீர்கள். உலர்ந்த பருத்தித் துணியில் சுற்றி, ஈரம் ஏறாத இடத்தில் வையுங்கள். தாளைத் தனி உறையில் வையுங்கள், இரும்போடு சேர்த்து வைக்க வேண்டாம்.